இழைப்புளி: ஒரு கருவியின் வரலாறு

மரப்பலகையின் மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்தவும் வழவழப்பாக்கவும் தச்சர்கள் பயன்படுத்தும் கைக்கருவி இழைப்புளி. ஒரு கட்டை, அதற்குள் சாய்வாக நிற்கும் கூரிய இரும்பு அலகு, அலகை அசையாமல் பிடித்திருக்கும் ஆப்பு ஆகிய மூன்றும் அதன் அடிப்படை உறுப்புகள். இந்த அமைப்பு ஏறக்குறைய 2000 ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. ஆனால் அதைக் கையாளும் அறிவு ஒரே சீராகத் தொடர்ந்து வரவில்லை. சில காலங்களில் அது கைவிடப்பட்டு, பின்னர் மீண்டும் தேடிக் கண்டடையப்பட்டது. வீட்டில் சிறிய பட்டறை வைத்து மரவேலை கற்க விரும்புவோருக்கு இந்த வரலாறு நேரடியாகவே பயன்படும்.

பெயரும் பொருளும்

இழைப்பு, உளி என்னும் இரு சொற்கள் சேர்ந்தது இழைப்புளி. சந்தனம் இழைத்தல் என்று சொல்லும்போது தேய்த்து மென்மையாக்கும் செயலைக் குறிக்கும் அதே சொல்தான் மரத்திலும் வருகிறது. கருவியைத் தமிழ் ஓர் உளியாகவே கண்டது. இது தொழில்நுட்ப அளவிலும் சரியான பார்வை. இழைப்புளி என்பது கட்டைக்குள் பூட்டப்பட்ட ஓர் உளியே. மலையாளத்தில் இதைச் சிந்தேர் என்றும், இந்தியில் பாரசீகத்திலிருந்து வந்த சொல்லால் ரந்தா என்றும் அழைக்கின்றனர்.

கட்டைக்குள் பூட்டுவதால் என்ன நேர்கிறது என்பதே இந்தக் கருவியின் சிறப்பு. வெறும் உளியால் பலகையைச் சீவினால், ஆழம் முழுவதும் கையின் கட்டுப்பாட்டில் இருக்கும். கை சற்றுத் தாழ்ந்தால் பள்ளம், சற்று உயர்ந்தால் மேடு. இழைப்புளியில் அலகு, அடிப்பாகத்துக்குக் கீழே ஒரு மயிரிழை அளவே நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பாகம் பலகையின் மேடுகளில் மட்டும் தங்கிச் செல்வதால் மேடுகள் மட்டுமே சீவப்படும். மேடுகள் குறையக் குறைய பலகை சமமாகும். நேரான அடிப்பாகம் தன் நேர்த்தன்மையைப் பலகைக்குக் கொடுக்கிறது.

இழைப்புளிக்கு முன்

பண்டைய எகிப்தியர் மரவேலையில் மிக உயர்ந்த திறன் பெற்றிருந்தும் இழைப்புளியை அறியவில்லை. தீப்ஸ் நகரில் உள்ள ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறை ஓவியங்களில் தச்சர்கள் ரம்பத்தால் அறுப்பதையும், வில்லால் சுழற்றும் துளைக்கருவியால் துளையிடுவதையும், வாய்ச்சியால் மரத்தைச் செதுக்குவதையும் காணலாம். 1920-இல் மெக்கெத்ரே என்பவரின் கல்லறையில் கிடைத்த மரப் பொம்மைகளில் ஒரு தச்சுப்பட்டறை முழுவதும் சிறிய வடிவில் இருந்தது. அதிலும் இழைப்புளி இல்லை. வாய்ச்சியால் செதுக்கிய பரப்பை மணற்கல்லால் தேய்த்து அவர்கள் வழவழப்பாக்கினர்.

இந்த முறையில் அழகான பொருள்களைச் செய்ய முடியும். ஆனால் நீண்ட, தட்டையான பரப்பைப் பெறுவதற்கு மிகுந்த நேரமும் தேர்ந்த கையும் வேண்டும்.

உரோமானியரின் கருவி

இன்று கிடைத்துள்ள மிகப் பழைய இழைப்புளிகள் உரோமானியர் காலத்தவை. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து மூடிய பொம்பெயி நகரின் இடிபாடுகளில் அவை கிடைத்தன. இங்கிலாந்தின் சில்செஸ்டர், செர்மனியின் சால்பர்க் போன்ற உரோமானியக் குடியிருப்புகளிலும் கிடைத்துள்ளன. மரக்கட்டையின் அடியில் இரும்புத் தகடு பொருத்தி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பி வைத்து, அந்தக் கம்பிக்கும் அலகுக்கும் இடையில் ஆப்பு அடித்து இறுக்கியிருந்தனர். ஒரு தச்சர் இன்று அதைக் கையில் எடுத்தாலும் விளக்கம் கேட்காமல் வேலை தொடங்கிவிடலாம்.

நிலத்தில் புதைந்த உரோமானிய இழைப்புளிகளில் பெரும்பாலும் மரம் மட்கி, இரும்பு எஞ்சியது. இதற்கு நேர்மாறான ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலை 1982-இல் கடலடியிலிருந்து தூக்கினர். அக்கப்பல் தச்சரின் கருவிகளில் இழைப்புளிகளும் இருந்தன. அங்கே இரும்பு அலகுகளை உப்புநீர் அரித்துவிட்டது, சேற்றில் புதைந்த மரக்கட்டைகள் காப்பாற்றப்பட்டன. இவ்விரு சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பழைய இழைப்புளியின் முழு உருவம் தெளிவாகிறது.

1514-இல் செர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் செதுக்கிய மெலன்கோலியா என்னும் புகழ்பெற்ற படத்திலும், சிறகுள்ள உருவத்தின் காலடியில் ரம்பத்துடன் ஓர் இழைப்புளி கிடக்கிறது.

எழுத்தில் ஏறிய கைத்தொழில்

தச்சுத்தொழில் பல நூற்றாண்டுகளாக ஆசானின் கையைப் பார்த்தே கற்கப்பட்டது. அதை எழுதிவைக்கும் முயற்சி ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. இலண்டன் அச்சாளர் சோசப் மாக்சன் 1678 முதல் கைத்தொழில்களைப் பற்றிப் பகுதி பகுதியாக நூல் வெளியிட்டார். தச்சுவேலையில் எந்த இழைப்புளியை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும் என்பதை அவர் விளக்கினார். முதலில் வளைந்த அலகு கொண்ட இழைப்புளியால் கரடுமுரடான பரப்பைத் தடிமனாகச் சீவ வேண்டும். அடுத்து நீளமான இழைப்புளியால் நேராக்க வேண்டும். கடைசியாகக் குட்டையான இழைப்புளியால் மெல்லிய சுருளாகச் சீவி மெருகேற்ற வேண்டும். இந்த வரிசை இன்றும் மாறவில்லை.

பிரான்சில் ஆந்திரே யாக்கோப் ரூபோ 1769 முதல் 1775 வரை தச்சுக்கலை பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவரே தொழில்முறைத் தச்சர் என்பதால் அவர் நூலின் படங்களிலுள்ள வேலைமேசையைப் பார்த்து அதேபோல் செய்துகொள்வோர் இன்றும் உலகெங்கும் உள்ளனர்.

சீசர் செலோர்

அமெரிக்காவில் பெயர் தெரிந்த தொடக்ககால இழைப்புளி வினைஞர்களுள் ஒருவர் பிரான்சிஸ் நிக்கல்சன். மாசசூசெட்ஸ் பகுதியின் ரென்தம் என்னும் ஊரில் அவர் தொழில் செய்தார். அவரிடம் அடிமையாக இருந்து வேலை கற்றவர் சீசர் செலோர் என்னும் கறுப்பினத்தவர். 1753-இல் நிக்கல்சன் இறந்தபோது, அவருடைய உயில் செலோருக்கு விடுதலை அளித்தது. படுக்கை, உடைகள், வேலைமேசை, கருவிகள், உளிகள், 10 ஏக்கர் நிலம், இருப்பிலிருந்த மரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகியவற்றையும் அது அவருக்குத் தந்தது.

அதன்பின் 1784-இல் இறக்கும்வரை செலோர் தம் சொந்தப் பட்டறையில் இழைப்புளிகள் செய்தார். ஒவ்வொன்றின் முன்முகத்திலும் தம் பெயரையும் ஊரையும் முத்திரையாகக் குத்தினார். பிறர் உடைமையாக எண்ணப்பட்ட ஒருவர், தாம் செய்த கருவியில் தம் பெயரைப் பொறித்தார். அந்த முத்திரையுள்ள இழைப்புளிகள் நூற்றுக்கும் மேல் எஞ்சியுள்ளன. அவற்றை அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் போற்றிப் பாதுகாக்கின்றனர்.

நாரும் எதிர்நாரும்: இரட்டை அலகின் வருகை

மரத்தின் நார்கள் பலகையின் பரப்புக்கு இணையாகவே எப்போதும் ஓடுவதில்லை. நார் மேல்நோக்கி எழும் திசையில் இழைத்தால் சீவல் எளிதாக வரும். எதிர்த்திசையில் இழைத்தால், அலகு வெட்டும் முன்பே நார் பிளந்துகொண்டு போய்ப் பரப்பிலிருந்து பிய்ந்து வரும். அங்கே குழி விழும். கணு உள்ள இடத்திலும், நார் முறுக்கிக்கொண்ட மரத்திலும் எந்தத் திசையில் இழைத்தாலும் எங்காவது பிய்யும். இழைப்புளியின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடிய வரலாறே.

அலகை மேலும் நிமிர்த்தி வைப்பது ஒரு வழி. அலகு வெளிவரும் வாயைக் குறுக்கி, சீவலுக்கு முன்னால் உள்ள மரத்தை அழுத்திப் பிடிப்பது மற்றொரு வழி. பதினெட்டாம் நூற்றாண்டில் மூன்றாவது வழி ஒன்று பரவியது. அலகின் மேல் இன்னொரு தகட்டைப் பொருத்தி, அதன் விளிம்பை அலகின் கூருக்கு மிக அருகே கொண்டுவந்தனர். 1760-களில் இத்தகைய இரட்டை அலகு இழைப்புளிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. மேலெழும் சுருளை மேல்தகடு உடனே மடக்கி முறித்துவிடுகிறது. அதனால் சுருளுக்கு நாரைப் பிளந்துகொண்டு செல்லும் வலு கிடைப்பதில்லை.

மேல்தகட்டை எவ்வளவு அருகில் வைப்பது என்பதுதான் இதில் நுட்பம். ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் பயன் ஏதுமில்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை நெருங்கினால்தான் பிய்தல் நிற்கும். பழைய தச்சர்கள் இதை அளந்து அறியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூருக்கு அருகே ஒரு மெல்லிய வெள்ளிக்கோடு மட்டும் தெரியுமாறு வைத்தனர்.

இயந்திரமும் வார்ப்பிரும்பும்

மரம் இழைப்பது மிகுந்த உடலுழைப்பு கேட்கும் வேலை. அதை இயந்திரத்திடம் கொடுக்கும் முயற்சியில் இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தம் 1791-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் 1828-இல் காப்புரிமை பெற்ற இழைப்பு இயந்திரம் பெருமளவில் பரவியது. தரைப்பலகைகளும் கதவுச் சட்டங்களும் ஆலையிலிருந்தே இழைத்து வரத் தொடங்கின. நாள் முழுதும் பலகை இழைத்துக் கூலி பெற்ற தொழிலாளரின் தேவை குறைந்தது.

அதே நூற்றாண்டில் கைக்கருவியும் உருமாறியது. மர இழைப்புளியில் அலகைக் கூட்டவும் குறைக்கவும் சுத்தியலால் தட்ட வேண்டும். எங்கே, எவ்வளவு தட்டுவது என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். லெனர்ட் பெய்லி என்னும் அமெரிக்கர் 1858-இல் ஆப்புக்குப் பதிலாக ஒரு நெம்புமூடியையும், 1867-இல் விரலால் திருகி அலகை ஏற்றி இறக்கும் திருகாணியையும் காப்புரிமையுடன் உருவாக்கினார். வார்ப்பிரும்பு உடலில் இவை பொருத்தப்பட்டன. 1869-இல் கனெடிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரிலிருந்த ஸ்டான்லி நிறுவனம் அவரது தொழிலை வாங்கியது.

ஸ்டான்லி இழைப்புளிகளுக்கு எண்கள் இடப்பட்டன. 4-ஆம் எண் என்றால் ஏறக்குறைய 9 அங்குல நீளமுள்ள மெருகு இழைப்புளி. 5-ஆம் எண் 14 அங்குலம், 7-ஆம் எண் 22 அங்குலம். காப்புரிமைக் காலம் முடிந்தபின் பிற நாட்டு நிறுவனங்களும் இதே வடிவத்தையும் எண்களையும் பின்பற்றின. இன்று இந்தியக் கடைகளில் கிடைக்கும் இரும்பு இழைப்புளிகளும் பெரும்பாலும் பெய்லியின் அமைப்பைத் தழுவியவையே. தச்சரின் விரல்நுனியில் இருந்த திறனில் ஒரு பகுதி இவ்வாறு திருகாணிக்குள் இடம்பெயர்ந்தது. தொழில் கற்காத ஒருவரும் இழைப்புளியைச் சரிசெய்ய முடிந்தது.

ஜப்பான்: இழுத்து இழைக்கும் மரபு

ஐரோப்பியர் இழைப்புளியை முன்னே தள்ளுவர். ஜப்பானியத் தச்சர் அதைத் தம்மை நோக்கி இழுப்பர். அங்கே கட்டையுள்ள இழைப்புளி பரவுவதற்கு முன், ஈட்டி போன்ற நீண்ட பிடியுடைய அலகால் மரத்தைச் சீவினர். யாரிகன்னா எனப்படும் அந்தக் கருவி பின்னாளில் வழக்கொழிந்தது. ஹோரியூஜி கோயிலின் தலைமைத் தச்சர் நிஷியோகா சுனேகசு (1908–1995) இருபதாம் நூற்றாண்டில் பழங்கோயில்களைப் புதுப்பித்தபோது, பழைய தூண்களில் இருந்த சீவல் தடங்களை ஆராய்ந்து அக்கருவியை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவந்தார்.

ஜப்பானில் மிக மெல்லிய சுருளைச் சீவும் போட்டிகளும் நடைபெறுகின்றன. அவற்றில் வரும் சுருள்கள் 10 மைக்ரானுக்கும் குறைந்த தடிமன் கொண்டவை. மனிதத் தலைமயிரின் தடிமனில் இது ஒரு சிறு பங்கே.

தமிழகத்தில்

தமிழ் இலக்கியத்தில் தச்சர் பழங்காலம் முதலே மதிப்புடன் பேசப்படுகின்றனர். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அதியமானின் ஆற்றலுக்கு உவமையாகப் புறநானூற்றின் 87-ஆம் பாடலில் ஔவையார் கூறுகிறார். வேகத்தை அறிந்தவன் வேண்டுமென்றே நிதானம் காட்டிய வேலைக்கே அங்கு மதிப்பு.

தமிழகத் தச்சர்கள் வழக்கமாகத் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தனர். வாய்ச்சியால் உருவேற்றி, இழைப்புளியால் சமப்படுத்தி, உளியால் துளையும் கழுந்தும் வெட்டினர். மர இழைப்புளியின் கட்டையைத் தச்சரே செய்துகொள்வார். அலகைக் கொல்லர் அடித்துத் தருவார். தந்தையிடமோ மாமனிடமோ சிறுவயதில் எடுபிடியாகச் சேர்ந்த பையன், முதலில் அலகைக் கல்லில் தீட்டுவதைத்தான் கற்றான். ஆயுத பூசை நாளில் இழைப்புளிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவது இன்றும் தொடரும் வழக்கம்.

ஒட்டுப்பலகையும் மைக்காவும் பரவியபின் இந்த நிலை மாறியது. ஒட்டுப்பலகை ஆலையிலேயே தட்டையாக வருகிறது, அதை இழைக்கத் தேவையில்லை. மைக்கா ஒட்டிய பரப்பை இழைக்கவும் முடியாது. எஞ்சிய மரவேலைக்கு மின் இழைப்புளி வந்துவிட்டது. இன்று பல தச்சர்களின் பைகளில் கை இழைப்புளி இருக்கிறது, ஆனால் கதவு பிடிக்கும்போது விளிம்பைச் சற்றுச் சீவுவதற்கே அது வெளியே வருகிறது.

மறந்ததும் மீட்டதும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேலைநாடுகளில் வீட்டுப் பட்டறை ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. 1946-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கான மின்கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கை இழைப்புளி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதனுடன் சேர்ந்து ஓர் அறிவும் மங்கியது. மேல்தகடு எதற்காக இருக்கிறது என்பதையே பலர் மறந்தனர். அலகு அதிராமல் இருக்க அது வெறும் பாரமாக உதவுகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் கைநூல்கள் சில கூறின.

ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் கவாய், கட்டோ ஆகிய இருவரும் இழைப்பு இயந்திரங்களுக்காக இதை ஆய்வு செய்திருந்தனர். மேல்தகடு நெருங்கும்போது சுருள் எவ்வாறு மடங்குகிறது, பிய்தல் எவ்வாறு நிற்கிறது என்பதை நுண்ணோக்கி வழியாகப் படம்பிடித்திருந்தனர். 2012-இல் அந்தப் படம் இணையத்தில் பரவியபோது வீட்டுப் பட்டறைக்காரர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தச்சர் கண்ணளவில் செய்தது சரியே என்று தெரிந்தது. விலையுயர்ந்த புதிய இழைப்புளியால் தீர்க்க முயன்ற சிக்கலை, பழைய இழைப்புளியின் ஒரு தகட்டைச் சிறிது நகர்த்தித் தீர்க்க முடிந்தது.

ஒரு மணைப்பலகை: வரலாறு கைக்கு வரும் இடம்

இந்த அறிவைச் சோதித்துப் பார்க்க எளிய வேலை ஒரு மணைப்பலகை. பலா, வேங்கை, தேக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் நன்கு உலர்ந்த பலகை போதும். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் என்பது வசதியான அளவு.

12 அங்குல அகலத்தில் ஒரே பலகை கிடைப்பது அரிது. 6 அங்குலப் பலகைகள் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும் விளிம்புகளை இழைக்கும்போது, புத்தகத்தை மூடுவதுபோல் இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து ஒன்றாக இழைக்க வேண்டும். இழைப்புளி சற்றுச் சாய்ந்தாலும், விரித்து வைக்கும்போது ஒரு விளிம்பின் சாய்வை மற்றதன் சாய்வு ஈடுசெய்துவிடும்.

ஒட்டு உலர்ந்தபின் மாக்சன் சொன்ன வரிசையைப் பின்பற்றலாம். முதலில் நாருக்குக் குறுக்காகவும் மூலைவாட்டிலும் இழைத்து மேடுகளைக் குறைக்க வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் ஒரே அளவுள்ள நேர்ச்சட்டங்களை வைத்துக் கண்மட்டத்தில் பார்த்தால் முறுக்கு இருப்பது தெரியும். சட்டங்களின் மேல்விளிம்புகள் இணையாகத் தெரியும்வரை உயர்ந்த மூலைகளைச் சீவ வேண்டும். பின்னர் நாரோட்டத்தின் வழியே நீளமாக இழைக்க வேண்டும். ஒரு முகம் சரியானதும் அதை அடிப்படையாகக் கொண்டு மூலைமட்டத்தால் விளிம்பையும், அடுத்து மறுமுகத்தையும் சரிசெய்யலாம். பலகையின் தலைப்பகுதியை இழைக்கும்போது இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கியே செல்ல வேண்டும். ஓரம்வரை தள்ளினால் அங்குள்ள நார் உடைந்து தெறிக்கும்.

கால்களாக அடியில் இரண்டு கட்டைகளைக் குறுக்கே பொருத்தலாம். பலகை மழைக்காலத்தில் அகலம் கூடும், கோடையில் குறையும். நீளத்தில் அது ஏறக்குறைய மாறாது. ஆகவே கால்கட்டைகளை முழுவதும் ஒட்டினால் பலகை ஒருநாள் வெடிக்கும். நடுவில் ஒரு திருகாணியை இறுக்கமாகவும், இரு ஓரங்களிலும் சற்று நீண்ட துளைகளில் திருகாணிகளையும் முடுக்கினால் மரம் அசைய இடம் கிடைக்கும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் தடவலாம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். திறந்த வெளியில் விரித்துக் காயவைத்த பின்பே எறிய வேண்டும்.

கூர் மழுங்கிய அலகால் இவற்றில் எதுவும் நடக்காது. கடையிலிருந்து வாங்கிய புதிய இழைப்புளியும் பெரும்பாலும் தீட்டப்படாமலேயே வரும். அலகின் தட்டையான பின்புறத்தைக் கூருக்கு அருகே கண்ணாடிபோல் தேய்த்து, பின் சாய்வைத் தீட்டி, மேல்தகட்டைக் கூருக்கு மிக அருகில் பூட்டி, மெல்லிய சீவலுக்கு அளவாக அலகை இறக்கினால், கருவி பேசத் தொடங்கும். மழுங்கிய அலகு பலகையில் கரகரக்கும், கூரிய அலகு சீராகச் சீறும். அந்த ஒலியைக் கேட்டே வேலையின் தரத்தைச் சொல்லும் மூத்த தச்சர்கள் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். நூலில் எழுதப்படாத பகுதியை அவர்களிடம் கேட்டுக் கற்க இன்னும் வாய்ப்பு உண்டு.